வெள்ளைக் கோடு

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனதும் எங்கள் வீட்டு மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பிக்கும். நேற்று தண்ணீர் நின்ற இடத்துக்கும் இன்று நிற்கிற இடத்துக்கும் நடுவில், அரிசி மாவைத் தொட்டு இழுத்த மாதிரி மெல்லிசாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. எலுமிச்சம்பழ மூடியை வைத்துத் தேய்த்தால் லேசாக நுரைத்துக் கரையும். சுண்ணாம்பு அது. தண்ணீர் போகும்போது தன்னால் தூக்கிக்கொண்டு போக முடியாததை அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

பல வருடம் அந்தக் கோட்டை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு எழுதப்பட்ட கணக்கு என்று புரிந்தது பட்டறையில்.

வீடு திருமுல்லைவாயலில். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், சிஎன்சி லேத் ஓடுகிற ஒரு சிறிய பட்டறையில் மெயின்டனன்ஸ். 1964-இல் தொடங்கிய அந்த எஸ்டேட்டில் இன்று எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கூலண்ட் வாசனை வரும். இரும்பைச் சீவும் இடத்தில் சூடு தணிக்க எண்ணெயும் தண்ணீரும் கலந்து பாய்ச்சுகிற பால் நிறத் திரவம்தான் கூலண்ட். இயந்திரத்தின் அடியில் இருக்கும் டேங்கில் அது தினமும் குறையும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறைந்த அளவுக்கு அதே விகிதத்தில் புதிதாகக் கலந்து ஊற்றிவந்தேன். இரண்டு வாரம் கழித்து மூத்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் எண்ணெய் விகிதம் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஆறில் நிற்க வேண்டிய கோடு ஒன்பதைத் தாண்டி நின்றது.

“தம்பி, ஆவியாப் போனது தண்ணி. எண்ணெய் எங்கேயும் போகல. போனதை ஊத்து. போகாததை ஏன் ஊத்தற?”

சீவலோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் எண்ணெய் போகத்தான் செய்யும், அதற்காக நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தால் போதும் என்றார். அப்புறம் இன்னொன்றும் சொன்னார். “போர் தண்ணியை ஊத்திடாதே. உப்பு ஏறி கூலண்ட் திரிஞ்சிடும்.”

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து தொட்டியின் முன்னால் உட்கார்ந்தபோது கண்ணாடியில் இருந்த வெள்ளைக் கோடு வேறு மாதிரி தெரிந்தது.

தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மண்ணும் கல்லும் போக 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். செடிகள் அடர்ந்த தொட்டி. அதில் ஆறு ஏஞ்சல் மீன்களும் பாசிக்குள் மேய்கிற செர்ரி இறால்களும் இருந்தன. மீன்கள் எல்லாம் கொளத்தூரில் வாங்கியவை. வண்ண மீன் என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கொளத்தூர்தான். இங்கிருந்து பஸ்ஸில் போய், பாலித்தீன் பையை மடியில் வைத்துக்கொண்டு அரை மணியில் திரும்பிவிடலாம். கொளத்தூர் அண்ணாச்சிகளிடம் மீன் வாங்கியதை விடத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதுதான் அதிகம்.

கணக்கு இப்படிப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஐந்தரை லிட்டர் போயிருக்கிறது என்று அர்த்தம். கோடையில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர் இறங்கும். சுமாராக 3 லிட்டர். எங்கள் போர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, அதாவது டிடிஎஸ், என் மீட்டரில் லிட்டருக்கு 700 மில்லிகிராமை ஒட்டி நிற்கும். அந்த 3 லிட்டரைப் போர் தண்ணீராலேயே நிரப்பினால், ஒவ்வொரு நாளும் 2 கிராம் உப்பைத் தொட்டிக்குள் போடுகிறேன். தொட்டியின் டிடிஎஸ் தினமும் 10 ஏறும். இடையில் தண்ணீர் மாற்றாவிட்டால், மாதக் கடைசியில் 250-இல் தொடங்கிய தண்ணீர் 550-ஐத் தாண்டிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாகவே இருக்கும். ஏஞ்சல்கள் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். இறால்கள் தாங்காது. சட்டை உரிக்கிற நேரத்தில் கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளை வளையம் விழும். பழைய ஓடு முழுசாகக் கழலாமல் பாதியில் மாட்டிக்கொண்டு அப்படியே சாய்ந்துவிடும். அந்த வளையத்தை நான் ஒரே வைகாசியில் பதினோரு இறால்களிடம் பார்த்தேன். ஒவ்வொன்றையும் வலையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பிரியாத அந்த ஓடு வெங்காயத் தோலைவிட மெல்லியது.

சரி, ஆவியாவதையே தடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி மூடி போட்டால் தடுக்கலாம்தான். ஆனால் அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஹால் 36 டிகிரியில் கிடக்கும்போது தொட்டியைக் காப்பாற்றுவதே ஆவியாதல்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அது தொட்டியிலிருந்து எடுக்கப்பட்டால், 200 லிட்டரும் 3 டிகிரி குளிர்வதற்குச் சமம். மண்பானையில் நடப்பதும் இதேதான். அதனால் மூடியைக் கழற்றிவிட்டு, மேலே கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டை ஓடவிட்டேன். தண்ணீர் 29-இல் நின்றது. இழப்பு 3 லிட்டரிலிருந்து நாலரைக்கு ஏறியது. தண்ணீர் போவது நல்லது. போன தண்ணீர் திரும்பி வரவேண்டும், உப்பில்லாமல் வரவேண்டும். மிச்ச வேலை எல்லாம் இதைச் சுற்றித்தான்.

உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? மெட்ராஸ்காரனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டால் 2019-ஐச் சொல்லாமல் இருக்க மாட்டான். ஏரிகள் தரை தட்டிக் கிடந்த அந்த வருடம் ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. வில்லிவாக்கம் எங்களுக்கு நாலைந்து ஸ்டேஷன் தள்ளித்தான். அந்தக் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு நின்றுவிட்டு வந்து, தொட்டிக்கு ஊற்றக் கை கூசியது. ஊற்றாமல் இருக்கவும் முடியவில்லை. ஆறு மீனில் இரண்டை நண்பர் வீட்டுக் கிணற்றுத் தொட்டிக்கு அனுப்பினேன். அன்று முதல் ஒரு லிட்டர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்காமல் தொட்டியில் ஒரு சொம்பு கூட விட்டதில்லை.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பலர் பரிந்துரைப்பார்கள். மீட்டர் 20 காட்டும், உண்மைதான். ஆனால் அது செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தழுவி வருகிற தண்ணீர். இறாலுக்குச் செம்பு விஷம்; டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைக் காட்டுமே தவிர எந்த உப்பு என்று சொல்லாது. அதைச் செடித் தொட்டிகளுக்கு விட்டேன். மழைநீர் நல்லது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அப்பா மொட்டை மாடியில் போட்ட குழாய் இன்னும் இருக்கிறது. முதல் இரண்டு மழையை வெளியே விட்டு, மூன்றாவது மழையிலிருந்து டிரம்மில் பிடிப்பேன். ஐப்பசி, கார்த்திகைக்கு அது போதும். மற்ற மாதங்களுக்கு ஆர்ஓ. வீட்டில் ஒரு லிட்டர் ஆர்ஓ எடுத்தால் அதைவிட அதிகமாகக் கழிவு வெளியே போகும். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, பாத்ரூமுக்கு என்று வைத்துக்கொள்கிறோம்.

தண்ணீர் கிடைத்துவிட்டது. தினமும் நாலரை லிட்டரை ஒரே வேளையில் சொம்பால் ஊற்றினால் என்ன? ஊற்றலாம். வீட்டில் இருக்கிற வரைக்கும் ஊற்றலாம். சொந்த ஊரில் ஒரு கல்யாணத்துக்கு நாலு நாள் போய்த் திரும்பினால் ஃபில்டர் வாய் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை உறிஞ்சிக்கொண்டு இரையும். அந்த இரைச்சலை வாசற்படியிலேயே கேட்டிருக்கிறேன்.

தானாக நிரம்ப முதலில் செய்தது, கோயிலில் பார்த்ததை. அக்னி நட்சத்திர நாட்களில் சிவலிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் தொங்கும். அடியில் ஒரு நுண்ணிய துளை, சொட்டுச் சொட்டாக நாளெல்லாம் விழும். நான் தாரா பாத்திரத்துக்குப் பதில் ஒரு பக்கெட்டும், மெடிக்கலில் வாங்கிய ட்ரிப்ஸ் செட்டும் வைத்தேன். 20 சொட்டு ஒரு மில்லி. ஃபேன் ஓடாதபோது ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 42 சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உருளையைத் திருகி 42-இல் நிறுத்தினேன். சாயங்காலம் வந்து எண்ணினால் 31. பக்கெட்டில் மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைகிறது, சொட்டும் குறைகிறது. தாரா பாத்திரத்தை அர்ச்சகர் அவ்வப்போது நிரப்பிக்கொண்டே இருப்பதன் காரணம் அன்றைக்கு விளங்கியது.

இதற்கும் வழி உண்டு. மரியோட் என்ற 17-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞரின் பெயரைப் பெற்ற ஜாடி ஒன்று இருக்கிறது. வாயை இறுக மூடி, காற்று புக ஒரு குழாயை மட்டும் உள்ளே ஆழமாக இறக்கிவிட்டால், மட்டம் அந்தக் குழாயின் நுனிக்குக் கீழே போகும் வரைக்கும் ஒரே வேகத்தில் வடியும். செய்து பார்த்தேன். 42 என்றால் ராத்திரி வரைக்கும் 42-தான். ஆனாலும் ஐந்தாம் நாள் மாலை மழை பெய்து ஹால் குளிர்ந்தது. தொட்டியிலிருந்து போவது நின்றுவிட்டது. ஜாடியிலிருந்து வருவது நிற்கவில்லை. எவ்வளவு ஒழுங்காகச் சொட்டினாலும், தொட்டியைப் பார்க்காமல் சொட்டுகிற எதுவும் உதவாது.

தொட்டியைப் பார்த்துச் செயல்படுவது மிதவை. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் க்டெசிபியஸ் என்பவர் நீர்க்கடிகாரத்தில் மட்டம் மாறாமல் இருக்க மிதவையை வைத்தார். தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கருவிகளின் வரிசையில் அதைத்தான் முதலில் வைக்கிறார்கள். மாடி டேங்கில் பிளம்பர் மாட்டுகிற பந்து வால்வும் அதன் வம்சம்தான். பந்து வால்வையே சின்னதாக வாங்கித் தொட்டியில் மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் மாட்டவில்லை. அதற்குப் பின்னால் மாடி டேங்கின் 1,000 லிட்டரும் வரிசையில் நிற்கும். வாஷரில் ஒரு மணல் துகள் சிக்கினால் அந்த ஆயிரமும் ஹாலுக்கு வரும்.

நான் எடுத்துக்கொண்டது விரலளவு மிதவை சுவிட்ச், ரிச்சி தெருவில் வாங்கியது. தண்டுக்குள் ரீட் சுவிட்ச், மிதவைக்குள் காந்தம். மட்டம் இறங்கினால் இணைப்பு சேரும், 12 வோல்ட் பம்ப் ஓடும். தொட்டிக்குக் கீழே கேபினெட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேன், வீடு வீடாகப் போடுகிறார்களே அதே கேன். பம்ப் அதற்குள் கிடக்கும்.

முதல் பாடம், பம்பை நேராக ரீட் சுவிட்சோடு சேர்க்கக் கூடாது. பம்ப் நிற்கிற ஒவ்வொரு முறையும் பொறி கிளம்பி, உள்ளே இருக்கிற மெல்லிய தகடுகள் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் மிதவை மேலே போனாலும் பம்ப் நிற்காது. நடுவில் ரிலே வேண்டும். இரண்டாவது பாடம், அலை. ஃபில்டர் தண்ணீர் விழும் அசைவில் மிதவை ஆடி, ரிலே டக் டக் டக் என்று ராத்திரியெல்லாம் அடித்துக்கொள்ளும். ஒண்ணேகால் இஞ்ச் பிவிசி குழாயில் ஒரு சாண் வெட்டி, மேலேயும் கீழேயும் அடைத்து, அடியில் மூணு மில்லி துளை ஒன்றும் மேலே காற்றுக்கு ஒன்றும் போட்டு, அதற்குள் மிதவையை நிறுத்தினேன். வெளியே அலை அடித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் கிணற்று நீர் மாதிரி அசையாமல் நிற்கும். மெதுவாக இறங்கும், மெதுவாக ஏறும். அடித்துளைக்கு டீ வடிகட்டியிலிருந்து வெட்டிய வலை, நத்தை நுழையாமல் இருக்க. நத்தைக்குஞ்சு ஒன்று மிதவைக்கு அடியில் மாட்டினால் பம்ப் ஓடாது, அது பரவாயில்லை. மேலே ஏறி உட்கார்ந்தால் மிதவை அமுங்கி, பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்காக இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் இன்னொரு மிதவை, முதலாவதோடு தொடராக. கீழது ஏமாந்தாலும் மேலது வெட்டிவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டைவிட்டேன். பம்பிலிருந்து வரும் ட்யூபின் நுனி தண்ணீருக்குள் மூணு விரற்கடை அமிழ்ந்திருந்தது. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று நானே அமுக்கி வைத்தது. ஆனி மாதம், ராத்திரி ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. பம்ப் ஓடினால் தண்ணீர் மேலே போகும். நின்றதும் அதே ட்யூப் வழியாகத் தொட்டித் தண்ணீர் கீழே வர ஆரம்பித்துவிட்டது. கரண்ட் இல்லாததால் மிதவை கூப்பிட்டும் பம்பால் வர முடியவில்லை. அரைக் கேன் நிரம்பி, வழிந்து, கேபினெட் ப்ளைவுட்டை ஊறவைத்து, ஹாலில் படுத்திருந்த அம்மாவின் பாயைத் தொட்டது. “டேய், எழுந்திருடா, வீட்டுக்குள்ள மழை பெய்யுது” என்று அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள். இருபது லிட்டருக்குக் குறையாமல் துணியால் ஒற்றிப் பிழிந்தோம். நுனி வெளியே தெரிந்தபின் தானாகவே நின்றிருந்தது. அந்த ப்ளைவுட் உப்பல் இன்னும் இருக்கிறது, மாற்றவில்லை. இப்போது ட்யூபின் நுனி தண்ணீருக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். கேட்கட்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது கெட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில் ஒன்றுதான்: கேனில் இருப்பது மொத்தமும் தொட்டிக்கு வரும். அப்படியென்றால் அது மொத்தமும் வந்தாலும் கொள்ள இடம் இருக்க வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு மட்டம் 24 அடி. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் மழைக்காலத்தில் 22 அடியை நெருங்கும்போதே உபரிநீரைத் திறந்துவிடுகிற செய்தியைப் பூந்தமல்லிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஏரி நிரம்புகிற வருடங்களில் கேட்டிருக்கிறார்கள். இனி வரப்போவதற்கு அந்த இடம். நானும் தொட்டியின் மட்டத்தை விளிம்பிலிருந்து நாலு சென்டிமீட்டர் கீழே கொண்டுவந்தேன். நாலு சென்டிமீட்டருக்கு 22 லிட்டர். கேனில் 20. இரண்டு மிதவையும் கெட்டு, ரிலேயும் ஒட்டிக்கொண்டாலும் தரை நனையாது. தொட்டித் தண்ணீர் பத்தில் ஒரு பங்கு மெலியும், அதை மீன்கள் பொறுத்துக்கொள்ளும். பெரிய டிரம் வைத்தால் மாதம் ஒருமுறை நிரப்பினால் போதுமே என்று நண்பர்கள் சொல்வார்கள். என் பதில் இந்த நாலு சென்டிமீட்டர்தான். பார்க்கிறவர்கள் தொட்டி குறையாக இருக்கிறதே என்பார்கள். மேலே ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பட்டை ஒட்டி மறைத்திருக்கிறேன்.

கேன் மாற்றும் நாளைத் தினசரிக் காலண்டரில் குறித்து வைக்கும் பழக்கம் வந்தது. இதைத்தான் மிகவும் விரும்புகிறேன். வானிலை நிலையங்களில் ஆவியாதலை அளக்க நாலடி விட்டத்தில், பத்து அங்குல ஆழத்தில் ஒரு தட்டு வைத்து, தினமும் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். எங்கள் ஹாலிலும் நாலடிக்கு ஒரு தட்டு இருக்கிறது, அதன் கணக்கைக் கேன் சொல்கிறது. மே மாதத்தில் நாலு நாள், ஐந்து நாளுக்கு ஒரு கேன். ஆடிக் காற்றிலும் ஏறக்குறைய அதே. கார்த்திகையில் பன்னிரண்டு, பதிமூன்று நாள். கேன் திடீரென்று இரண்டு நாளில் காலியானால் வெயிலைத் திட்டுவதில்லை, ஃபில்டர் குழாயைத் தடவிப் பார்க்கிறேன். ஒருமுறை கசிவு அப்படித்தான் கண்ணில் பட்டது, தரையில் ஈரம் தெரிவதற்கு முன்பே.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் நனைந்த அந்த நாட்களில் வீட்டில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை. கவலை எல்லாம் மீன்களுக்குக் காற்று போதுமா என்பதில்தான். சொம்பால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம், நானும் மகளும் மாறி மாறி. தண்ணீர் மட்டம் மூன்று மில்லிகூட இறங்கவில்லை. காற்று முழுக்க ஈரம், போக இடமில்லை. கரண்ட் வந்து இரண்டாம் நாள் காலையில்தான் ரிலே ஒரு முறை ‘டக்’ என்றது. அடுப்படியிலிருந்து மகள், “அப்பா, தொட்டி தண்ணி குடிக்குது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் 40 லிட்டர் மாற்றுவதை இன்னும் விடவில்லை. போனதை நிரப்புவது வேறு, மீன் தின்று கழித்ததை வெளியேற்றுவது வேறு. மாற்றுகிற தண்ணீரில் போர் ஒரு பங்கு, ஆர்ஓ இரண்டு பங்கு. மீட்டர் 250 காட்டும். செடிக்கும் இறால் ஓட்டுக்கும் சுண்ணாம்பு வேண்டும், அது இந்த வழியாக அளவோடு வருகிறது. ஆனால் தொட்டியை நாம் இறக்கும்போது மிதவைக்கு அது தெரியாது. ஆவியாகிவிட்டது என்று நினைத்துக் கேனை முழுக்க ஏற்றிவிடும். இருமுறை அப்படி ஆகிவிட்டது. மூன்றாவது வாரம், தண்ணீர் மாற்றும்போது உறிஞ்சி எடுக்கும் ட்யூபைச் சுருட்டி, பம்பின் ப்ளக் மேலேயே மாட்டி வைத்தேன். ப்ளக்கைப் பிடுங்காமல் ட்யூப் கையில் வராது. வேலை முடிந்ததும் ட்யூபை மாட்டப் போனால் ப்ளக் எதிரே நிற்கும்.